முன் தொட்டி, பின் தொட்டி

எனக்குத் தராசு பழுதுபார்க்கும் தொழில். மளிகைக் கடைத் தராசு முதல் லாரி ஏறும் எடைமேடை வரை எதுவானாலும் கூப்பிடுவார்கள். இருபது கிலோ இரும்புக் கற்களை வண்டியில் ஏற்றிக்கொண்டு போய், ஒவ்வொன்றாக மேலே வைத்து, தராசு உண்மை பேசுகிறதா, கதை விடுகிறதா என்று பார்த்துச் சொல்வேன். இப்படிப்பட்டவனுக்கு வாய்த்த அத்தான், அதாவது என் அக்கா வீட்டுக்காரர், இருபத்திரண்டு வருடத்தில் ஒரு மாட்டைக்கூட எடை போட்டு விற்றதில்லை. ஒரு தராசுக்காரனுக்கு இதைவிட அவமானம் வேறு வேண்டுமா, நீங்களே சொல்லுங்கள்.

அத்தான் மாடு தேற்றி விற்பவர். எலும்பும் தோலுமாக இருக்கும் மாடுகளைச் சந்தையில் வாங்கி வருவார். ஐந்தாறு மாதம் பட்டியில் அடைத்து, மக்காச்சோளமும் தவிடும் பிண்ணாக்கும் போட்டுச் சதை ஏற்றி, இறைச்சித் தொழிற்சாலைக்கு அனுப்புவார். மொத்தம் நான்கு பட்டி, பட்டிக்கு முப்பது உருப்படி. பட்டிகள் நீளவாக்கில் கிடக்கும். ஒரு முனை சாலையைப் பார்த்தது, மறு முனை வீட்டுச் சமையலறை ஜன்னலைப் பார்த்தது. இரண்டு முனையிலும் தீவனத் தொட்டி உண்டு. சாலைப் பக்கத்துத் தொட்டிக்கு அத்தான் தள்ளுவண்டியில் கொண்டுபோய்க் கொட்டுவார். சமையலறைப் பக்கத்துத் தொட்டிக்கு அக்கா கூடையில் அள்ளிப் போடுவாள்.

மாடுகளுக்குள்ளும் ரவுடிகள் உண்டு. முட்டி மோதி ஜெயிக்கிற மாடுகள் சாலைப் பக்கத்துப் பெரிய தொட்டியைப் பிடித்துக்கொள்ளும். பயந்தாங்கொள்ளிகள் எல்லாம் பின்னால் ஒதுங்கிவிடும். வந்த முதல் வாரத்தில் பிடித்த இடத்தை எந்த மாடும் பிறகு விட்டுக்கொடுக்காது. அலுவலகத்தில் நாற்காலி பிடித்தவர்களைப் பார்த்திருப்பீர்களே, அதே கதைதான்.

விற்பனை நாளில் தொழிற்சாலையிலிருந்து ஒருவர் வருவார். வந்ததும் சாலைப் பக்கத்து வேலியில் இரண்டு முழங்கையையும் ஊன்றிக்கொண்டு நிற்பார் என்பதால் அவருக்கு வேலிக்காரர் என்றே பெயர். ஒரு டீ ஆறுகிற நேரம் மாடுகளைப் பார்ப்பார். பிறகு, தலைக்கு இவ்வளவு என்று முப்பதுக்கும் சேர்த்து ஒரே விலை சொல்வார். அத்தான் நெஞ்சைப் பிடித்துக்கொள்வார். வேலிக்காரர் கொஞ்சம் ஏற்றுவார். அத்தான் வானத்தைப் பார்ப்பார். கடைசியில் இருவரும் கை குலுக்கிக்கொள்வார்கள். தராசு கிடையாது, காகிதம் கிடையாது, முழுக்கக் கண் விலை.

இந்த நாடகத்தின் குட்டு எனக்குத் தெரியும். வேலியில் நின்று பார்க்கிறவர் கண்ணுக்கு முன்வரிசை மாடுகள்தானே தெரியும்? அத்தான் அந்த எட்டுப் பத்து மாடுகளைத் தனியாகக் கவனிப்பார். வண்டி நிறையத் தீவனம், அதற்கு மேல் இரண்டு வாளி பிண்ணாக்குத் தண்ணீர், வாரம் இருமுறை தேய்த்துக் குளிப்பாட்டல். அவை சதுரமாக, மினுமினுப்பாக, மாப்பிள்ளைத் தோரணையில் நிற்கும். "முன்னாடி நிக்கிறது பின்னாடி நிக்கிறத இழுத்துட்டுப் போகும், மாப்ள" என்பார் என்னிடம். இதை நூறு தடவையாவது கேட்டிருப்பேன். சமையலறை ஜன்னலுக்கு அந்தப்புறம் இருக்கும் அக்காவும் கேட்டிருப்பாள்.

ஏன் எடை போட்டு விற்கவில்லை என்று நானும் எத்தனையோ முறை அவர் வாயைக் கிளறிப் பார்த்துவிட்டேன். ஒரு நாள், "தராசுக்குக் கண்ணு இருக்கா?" என்பார். இன்னொரு நாள், "லாரியில ஏத்தி எறக்குறதுக்குள்ள மாடு பாதி இளைச்சிடும்" என்பார். ரொம்பவும் நெருக்கினால், "உன் தொழிலுக்கு ஆள் பிடிக்க என் பட்டிதான் கெடைச்சுதா?" என்று என்னையே மடக்குவார். எதிலும் பிடி கொடுக்கவே மாட்டார்.

அப்படியே போயிருக்கும். ஆனால் வேலிக்காரர் ஓய்வு பெற்றார். அவருக்குப் பதில் ஆள் வரவில்லை, ஒரு கடிதம்தான் வந்தது.

இனிமேல் கண் விலை இல்லை என்று தொழிற்சாலை எழுதியிருந்தது. மூன்று வழிகளில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும். முதலாவது உயிரெடை: மாட்டை உயிரோடு எடைமேடையில் நிறுத்தி, கிலோவுக்கு இவ்வளவு என்று தருவார்கள். இரண்டாவது தொங்கெடை: தோலும் தலையும் குடலும் போக, கொக்கியில் தொங்கும் இறைச்சிக்கு மட்டும் விலை. மூன்றாவது தர விலை: அந்த இறைச்சியை வெட்டிப் பார்த்து முதல் தரம், இரண்டாம் தரம், மூன்றாம் தரம் என்று பிரித்து, தரத்துக்குத் தகுந்தபடி கூட்டியோ குறைத்தோ தருவார்கள். ஒரே ஒரு முறை, ஒரு பட்டியைப் பத்துப் பத்தாகப் பிரித்து மூன்று வழியிலும் விற்றுப் பார்க்கலாம். அதற்குப் பிறகு எடுக்கும் முடிவை ஒரு வருடத்துக்கு மாற்ற முடியாது.

கடிதத்தைப் படித்துவிட்டு அத்தான் சாப்பாட்டை அப்படியே வைத்துவிட்டு எழுந்துவிட்டார். எனக்கோ உள்ளுக்குள் குறுகுறுவென்றது. தராசை நாலு தட்டுத் தட்டினால் அதன் கோளாறு தெரிந்துவிடும். மனிதர்கள் ஏன் இதைத் தேர்ந்தெடுக்கிறார்கள், அதைத் தேர்ந்தெடுக்கிறார்கள் என்பது மட்டும் எனக்கு இன்றுவரை பிடிபட்டதில்லை. அந்த வாரம் வேலைக்குப் போன இடத்தில் எல்லாம் மாடு தேற்றுகிறவர்களைப் பிடித்து, "நீங்க எந்த வழி?" என்று கேட்டேன்.

ஆறு பேரைக் கேட்டால் ஏழு காரணம் வந்தது. ஒருவர் உயிரெடை, ஏனென்றால் மத்தியானத்துக்குள் காசு கைக்கு வந்துவிடும், வீட்டுக்குப் போய்த் தூங்கலாம். ஒருவர் தொங்கெடை, ஏனென்றால் அவர் பட்டியில் எப்போதும் சேறு, மாட்டின் மேல் ஒட்டிய சேற்றுக்கு உயிரெடையில் எவ்வளவு கழிப்பார்களோ என்று சண்டை போட அவருக்குத் தெம்பில்லை. இருநூறு மாடு வைத்திருந்தவர் தர விலை என்றார். பத்து மாடு சொதப்பினாலும் மீதி காப்பாற்றிவிடுமாம். எட்டே மாடு வைத்திருந்தவர் தர விலை என்ற பேச்சை எடுத்தாலே கையெடுத்துக் கும்பிட்டார். இன்னொருவர் உயிரெடை என்றார். ஏன் என்றதற்கு, தன் பங்காளி தொங்கெடைக்குப் போயிருக்கிறான் என்றார். அதற்கு மேல் நான் கேட்கவில்லை.

லாபக் கணக்குப் போட்டு முடிவெடுத்த ஒரு ஆளும் அகப்படவில்லை. எல்லோரும் முடிவை முதலில் எடுத்துவிட்டு, பிறகு அதற்குக் கணக்கு தேடிக்கொண்டிருந்தார்கள். அப்படியானால் அத்தானுக்குக் கணக்குக்குப் பின்னால் என்ன இருக்கிறது?

ஒரு மத்தியானம் தண்ணீர்த் தொட்டியின் பாசியை இருவரும் சுரண்டிக்கொண்டிருந்தபோது அவராகவே வாயைத் திறந்தார்.

"மாப்ள, நான் நல்ல தீவனக்காரனா?"

"என்னத்தான் இது கேள்வி?"

"இல்ல, சொல்லு. இருபத்திரண்டு வருஷமா என் மாடு மாதிரி உண்டான்னு சொல்லிட்டுத் திரியறேன். யாரும் இல்லைன்னு சொன்னதில்ல. ஆனா பார்த்துட்டு ஆமான்னும் சொன்னதில்ல. தோலுக்குள்ள என்ன இருக்குன்னு எனக்கே தெரியாது. கேட்டைத் தாண்டிப் போனா அதோட சரி. இப்ப ஒருத்தர் வெட்டிப் பார்த்து மூணாம் தரம்னு எழுதிக் குடுத்துட்டா, அப்புறம் நான் எந்த மூஞ்சியை வெச்சுக்கிட்டு இந்த வேலியில நிப்பேன்?"

நான் சிரித்திருக்க வேண்டிய இடம். சிரிப்பு வரவில்லை. தர விலை நன்றாகப் போனால் அந்தப் பட்டிக்கு அதுதான் நல்லது என்று அவருக்கும் தெரியும். ஆனால் அவர் பயந்தது விலைக்கு அல்ல, பதிலுக்கு. இருபத்திரண்டு வருடம் தன்னைப் பற்றித் தானே சொல்லிவந்த ஒன்றை, முன்பின் தெரியாத ஒருவர் கத்தியை வைத்து அறுத்துப் பார்க்கப் போகிறார். எனக்கு அவர் மேல் முதல் முறையாகப் பாவமாக இருந்தது.

அக்காதான் முடித்துவைத்தாள். "மூணு வழியிலயும் விட்டுத்தான் பாருங்களேன். பார்க்கிறதுக்கு முன்னாடியே என்ன பயம்?" என்றாள் ஜன்னல் வழியாக.

பிரிக்கிற நாள் வந்தது. மாடுகளின் காதில் மாட்டியிருக்கும் வில்லைகளின் எண்களை எழுத என் நோட்டுப்புத்தகத்தோடு நானும் போனேன். அத்தான் துளியும் யோசிக்கவில்லை. முன்வரிசை மாப்பிள்ளைகள் பத்துப் பேரையும் தர விலைக்கு ஒதுக்கினார். நடுவில் நிற்கிற வயிறு பெருத்த பத்து மாடுகளை உயிரெடைக்குத் தள்ளினார். வயிற்றில் கிடப்பதும் எடைதானே என்று எனக்குக் கண் சிமிட்டினார். மிச்சமிருந்த பின்தொட்டிப் பயந்தாங்கொள்ளிகள் பத்தும் தொங்கெடைக்குப் போயின.

"இதையும் கொஞ்சம் பார்த்துப் பிரிக்கலாமே அத்தான்?" என்றேன்.

"அதுல என்ன இருக்கு பார்க்க? ஓசியில போயிட்டிருந்த மாடு. எப்படித் தொங்கினா என்ன?"

அக்கா ஜன்னலுக்குப் பின்னால் பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்தாள். துலக்கும் சத்தம் ஒரு நொடி நின்று, மறுபடி தொடர்ந்தது.

உயிரெடைக் கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், என் மானம் சம்பந்தப்பட்டது. அத்தான் கிளம்பும் முன் அந்தப் பத்துக்கும் வயிறு முட்டத் தண்ணீர் காட்டினார். தொழிற்சாலைக்காரர்கள் இந்த வித்தையை எல்லாம் கரைத்துக் குடித்தவர்கள். இறக்கியதும் தண்ணீர்கூடக் காட்டாமல் அரை நாள் நிறுத்திவைத்து, அப்புறம்தான் எடைமேடையில் ஏற்றினார்கள். நான் சரிபார்த்து முத்திரை வைத்த எடைமேடை அது. மாடுகள் இளைத்துத்தான் நின்றன. "உன் தராசு நல்லா உண்மை பேசுது மாப்ள" என்றார் அத்தான், பல்லைக் கடித்துக்கொண்டு.

அடுத்த நாள் தரம் பார்க்கும் குளிர் அறைக்குள் விட்டார்கள். விற்றவர் விரும்பினால் பார்க்கலாம் என்று கடிதத்திலேயே இருந்தது. வெள்ளை அங்கி, ரப்பர் பூட்ஸ் எல்லாம் மாட்டிக்கொண்டு உள்ளே போனோம். நுழைந்ததும் அத்தான் அப்படியே நின்றுவிட்டார். நெற்றிச் சுழியைப் பார்த்து, கொம்பின் வளைவைப் பார்த்து, ஒவ்வொரு மாட்டையும் தனித்தனியாக அடையாளம் சொல்கிற மனிதர் அவர். இங்கே நெற்றியும் இல்லை, கொம்பும் இல்லை. வரிசை வரிசையாகக் கொக்கிகள், ஒவ்வொன்றிலும் ஓர் எண் எழுதிய சீட்டு. தன் மாடு எது என்று அவருக்கே தெரியவில்லை.

தரம் பார்க்கிறவர் கண்ணாடி போட்ட ஒரு நடுத்தர வயதுப் பெண். கையில் டார்ச்சும் சின்ன அளவுகோலும் வைத்திருந்தார். அத்தானின் தர விலைப் பத்தைச் சீட்டுப் பார்த்துக் காட்டினார். முதுகின் மேல் அளவுகோலை வைத்தார்.

"பாருங்க, மேல கொழுப்பு ரெண்டு விரல் தடிமன். இதுல பெரும்பகுதியை வெட்டி எறியணும். உள்ள சதையில வெள்ளை வரி ஓடணும், அது ஓடல. அவசர அவசரமா ஏத்தின மாடு. மூணாம் தரம்."

அடுத்ததும் மூன்றாம் தரம். அதற்கடுத்ததும். பத்தில் எட்டு மூன்றாம் தரம், இரண்டு மட்டும் பிழைத்து இரண்டாம் தரத்தில் ஒட்டிக்கொண்டன. அத்தானின் முகம் சுண்டிப்போனது. தலையை மட்டும் ஆட்டிக்கொண்டிருந்தார். கிளம்பிவிடலாம் என்று நான் அவர் முழங்கையைத் தொட்டேன். அவர் நகரவில்லை. பக்கத்து வரிசையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

எனக்கே வித்தியாசம் தெரிந்தது. மேலே கொழுப்பு மெல்லிய போர்வை அளவுக்குத்தான் இருந்தது. வெட்டிய இடத்தில் சிவப்புக்குள் நூல் நூலாக வெள்ளை ஓடியது.

"அது யார் மாடும்மா?" என்றார் அத்தான்.

"அதுவா? காலையிலிருந்து நாங்களே அதைத்தான் பேசிட்டிருக்கோம். தொங்கெடைக்கு வந்த மாடு, தரத்துக்கு விலை கிடையாது. ஆனா பழக்கதோஷம், பார்த்து எழுதிட்டேன். பத்துல ஒன்பது முதல் தரம்."

"யாரு அப்படித் தேத்தினது? எந்தப் பட்டி? சொல்லுங்க, நான் போய்ப் பார்க்கணும்."

அவர் கேட்டதில் பொறாமை இல்லை. சத்தியமாகச் சொல்கிறேன், சின்னப் பிள்ளை கேட்கிற மாதிரி கேட்டார். அந்த அம்மாள் சீட்டைப் புரட்டினார். கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு அத்தானைப் பார்த்தார்.

"உங்க பட்டிதாங்க."

நான் நோட்டுப்புத்தகத்தை எடுத்தேன். முப்பத்தொன்று, முப்பத்தைந்து, நாற்பத்திரண்டு. எண்கள் ஒத்துப்போயின. தொழில் புத்தி, இன்னொரு தடவையும் சரிபார்த்தேன். பின்தொட்டி மாடுகளேதான்.

வண்டியில் திரும்பி வரும்போது, பாதி வழியில், "முப்பத்தஞ்சுங்கிறது காதோரம் வெள்ளை இருக்குமே, அதுதானே? ஆளைக் கண்டாலே ஓடும்" என்றார். நான் ஆமாம் என்றேன். எனக்கும் வெட்கமாக இருந்தது. இருபத்திரண்டு வருடமாக அந்தச் சமையலறையில் உட்கார்ந்து வக்கணையாகச் சாப்பிட்டவன் நான். ஜன்னலுக்கு அந்தப் பக்கம் இருந்த தொட்டியில் என்ன நடக்கிறது என்று ஒரு நாள் எட்டிப் பார்த்ததில்லை. ஊரில் ஆறு பேரை விசாரிக்கத் தெரிந்தவனுக்குச் சொந்த அக்காவை விசாரிக்கத் தோன்றவில்லை.

அக்கா பின்தொட்டியில் நின்றுகொண்டிருந்தாள். கூடை இடுப்பில் இருந்தது. அத்தான் நேராக அவளிடம் போனார். பூசி மெழுகாமல் சொன்னார்.

"முன்னாடி பத்துல எட்டு மூணாம் தரம். பின்னாடி பத்துல ஒன்பது முதல் தரம்."

அக்கா கூடையைக் கீழே வைத்தாள். "யார் சொன்னது?"

அவர் காகிதத்தை நீட்டினார். அவள் விரலை வைத்து ஒவ்வொரு எண்ணாகப் படித்தாள். முப்பத்தைந்தில் விரல் சற்று நின்றது.

"நீ என்னதான் போடறே?" என்றார் அத்தான்.

"நீங்க கலக்கிற தீவனம்தான். எனக்குன்னு தனியாவா வருது?"

"அப்புறம் எப்படி?"

"எப்படின்னா?" அவள் உண்மையிலேயே யோசித்தாள். "நான் தொட்டியைப் பார்த்துட்டுத்தான் போடுவேன். மிச்சம் கிடந்தா அள்ளி மோந்து பார்ப்பேன். புளிச்சிருந்தா வழிச்சுப் போட்டுட்டு, அடுத்த தடவை குறைச்சுப் போடுவேன். நக்கித் துடைச்சிருந்தா ஒரு கை கூட. அடுப்பில எதையாவது வெச்சிட்டு வரும்போதெல்லாம் கொஞ்சம் கொஞ்சமா. நாளைக்கு அஞ்சு தடவை ஆகும். நீங்க வண்டியைப் பார்ப்பீங்க. வண்டி காலியானா உங்களுக்கு வேலை முடிஞ்சுது."

"இதை ஏன் என்கிட்ட சொல்லல?"

அக்கா நிமிர்ந்தாள். அவள் கோபப்படுவாள் என்று நினைத்தேன். கண் கலங்கியது.

"எனக்கே தெரியாதுங்க. முன்னாடி நிக்கிறது இழுத்துட்டுப் போகும், இழுத்துட்டுப் போகும்னு இருபத்திரண்டு வருஷமா சொல்லிட்டே இருந்தீங்க. என் மாடு ஓசியிலதான் போகுதுன்னு நானும் நம்பிட்டேன்."

அத்தான் தொட்டியின் விளிம்பில் உட்கார்ந்துவிட்டார். "நான் நல்ல தீவனக்காரன் இல்ல" என்றார்.

"நீங்க நல்லா விக்கிறவர்" என்றாள் அக்கா, முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு. "இப்ப வேலியில நின்னு வாங்கத்தான் ஆள் இல்ல."

அவர் சிரித்துவிட்டார். எனக்கும் அப்பாடா என்றிருந்தது.

அன்றைக்கே அவர் தொழிற்சாலைப் படிவத்தை எடுத்துவந்து அவள் கையில் கொடுத்தார். அக்கா தர விலைக்கு நேரே டிக் அடித்தாள். கீழே, தீவனப் பொறுப்பாளர் என்று ஓர் இடம் இருந்தது. பேனாவை அவர் வாங்கிக்கொண்டார். அந்தப் பட்டியின் பத்திரம், ரசீது, உரிமம் எதிலும் இதுவரை இல்லாத அவள் பெயரை, தன் கோணல் கையெழுத்தில் மெதுவாக எழுதினார்.

போன வாரம் அந்தப் பக்கம் ஒரு எடைமேடை வேலை இருந்தது, எட்டிப் பார்த்தேன். புது மாடுகள் வந்திருந்தன. அத்தான் தள்ளுவண்டியோடு முன்தொட்டியில் நின்றிருந்தார். பழைய ஆளாக இருந்தால் என்னைப் பார்ப்பதற்குள் வண்டியைக் கவிழ்த்திருப்பார். இப்போது தொட்டிக்குள் குனிந்து, கிடந்த மிச்சத்தை அள்ளி மூக்கருகே கொண்டுபோனார். பிறகு வண்டியிலிருந்து கால்வாசித் தீவனத்தைத் தள்ளிவிட்டு, பட்டியின் மறுமுனையைப் பார்த்துக் கத்தினார்.

"போதுமா?"

முப்பது மாடுகளுக்கு அந்தப் பக்கமிருந்து அக்காவின் குரல் வந்தது.

"இன்னும் ஒரு கை!"

அவர் குனிந்து ஒரு கை அள்ளிப் போட்டார்.